மூன்று பேணித் தண்ணீர்

என் கணவர் நமசிவாயம் கொக்குவில் புகையிரத நிலையத்தில் ரிக்கற் கொடுத்தவர். பதினெட்டு வருடம் அந்தச் சிறிய சன்னலுக்குப் பின்னால் இருந்தார். அவரைத் தெரிந்தவர்களுக்கு முதலில் நினைவு வருவது அவருடைய மேசைக்குக் கீழே இருந்த மண் கூசாதான். காலையில் எங்கள் கிணற்றில் அள்ளி நிரப்பி, சைக்கிளில் கட்டிக்கொண்டு போவார். பத்தரை வண்டி போவதற்குள் அது காலியாகிவிடும். பிறகு பக்கத்து வளவுக் கிணற்றில் இன்னொருமுறை நிரப்புவார். அவ்வளவு தண்ணீர் குடிக்கிற மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அவர் பிறந்து வளர்ந்தது வட்டுக்கோட்டைப் பக்கம். அங்கே பல கிணறுகளில் உப்புக் கரிக்கிற சவர்த் தண்ணீர். கொக்குவிலில் பெண் எடுத்ததே தண்ணீருக்காகத்தான் என்று என் முகத்துக்கு நேரே சொல்வார்.

"இஞ்சேரும், உம்மடை ஆக்கள் காணியை எழுதிச்சினம், வீட்டை எழுதிச்சினம். கிணத்தைப் பற்றி ஒருதரும் கதைக்கேல்லை. நான்தான் கல்யாணத்துக்கு முதல் வந்து ஒரு வாளி குடிச்சுப் பாத்துப்போட்டு ஓம் எண்டனான்."

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவருடைய அக்கா மகாதேவியின் ஒரே மகள் அருந்ததிதான் பிள்ளை. அவளுடைய ஏடு தொடக்கியது, காது குத்தியது, வயதுக்கு வந்த சாமத்தியச் சடங்கு, எல்லாவற்றிலும் மாமன் முறைக்கு நின்றவர் இவர்தான். தொண்ணூறில் சண்டையால் ரெயில் நின்ற பிறகும் சில மாதம் காலையில் நிலையத்துக்குப் போய்க் கதவைத் திறந்து தூசி தட்டிவிட்டு வருவார். தண்டவாளங்களையும் சிலிப்பர்க் கட்டைகளையும் பதுங்குகுழிகளுக்குக் கழற்றிக்கொண்டு போன பிறகு போவதை நிறுத்தினார். கூசா வீட்டுக்கு வந்தது.

தொண்ணூற்றிரண்டு மாசியில் அவருக்கு நெருப்புக்காய்ச்சல் என்கிற தைபொயிட் வந்தது. எங்கள் ஒழுங்கையிலேயே நாலு வீட்டில் கிடந்தார்கள். மற்றவர்கள் எழும்பிவிட்டார்கள். இவருக்கு மூன்றாம் கிழமையில் வயிறு பலகைபோல இறுகியது. குடல் ஓட்டையாகிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் அன்றே வெட்டினார்கள். கண் விழித்தபோது வயிற்றின் வலப்பக்கம் சிறுகுடலின் முனையை வெளியே எடுத்து ஒரு வாய் வைத்திருந்தார்கள். சிவந்து, ஈரமாக, பாதி மூடிய ரோசாப்பூப் போல இருந்தது. மலம் இனி அதன் வழியாகத்தான் வரும், மூன்று மாதம் போனால் திரும்ப உள்ளே இணைத்து மூடிவிடலாம் என்று சத்திரசிகிச்சை செய்த டொக்டர் சொன்னார். பங்குனி, சித்திரை, வைகாசி என்று நான் விரல் மடித்துப் பார்த்தேன். அருந்ததியின் கல்யாணம் வைகாசி நடுவில் வைத்திருந்தார்கள்.

வீட்டுக்கு விடும்போது ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த ஒரு தாள் தந்தார்கள். கார்பன் பிரதி, எழுத்துகள் பாதி மங்கல். குழைந்த சோறு, வாழைப்பழம், அவித்த உருளைக்கிழங்கு சாப்பிடலாம். நார் உள்ளது எதுவும் கூடாது, குடல் வாயில் அடைத்துவிடும். சாப்பாட்டை நன்றாகச் சப்ப வேண்டும். கடைசி இரண்டு வரி: ஒரு நாளைக்கு இரண்டரை லீற்றருக்குக் குறையாமல் குடிக்க வேண்டும். உணவில் உப்பை வழமையைவிடக் கூட்டவேண்டும். அந்தத் தாள் இப்போதும் என்னிடம் இருக்கிறது.

முதல் ஒரு மாதம் தாளில் உள்ளபடிதான் நடத்தினேன். அது சுலபமாக இருக்கவில்லை. பொருளாதாரத் தடையில் ஏறிய அரிசி விலைக்கு அஞ்சிக் குடாநாடு முழுதும் ஒடியல் மாவிலும் பனங்கிழங்கிலும் சீவித்த காலம் அது. இரண்டும் நார், இவருக்கு ஆகாது. பனங்கிழங்கு என்றால் உயிர். நான் அவித்து என் கோப்பையில் வைத்திருந்ததை ஒருநாள் எடுத்து மணந்து பார்த்துவிட்டு வைத்தார். முருங்கைக்காய் இல்லை. தேங்காய்ப்பூ போட்ட புட்டு இல்லை. கஞ்சி, வாழைப்பழம், கஞ்சி. குடிக்கிறதற்குத் தடை இல்லை என்பது மட்டும்தான் அவருக்கு ஆறுதல். கட்டிலுக்கு அருகே கூசாவை வைத்துக் குடித்துக்கொண்டே இருந்தார்.

குடித்தது முழுவதும் வெளியே வந்தது. அப்படித்தான் எங்களுக்குப் பட்டது. ஆஸ்பத்திரியில் தந்த பைகள் இரண்டு. கழுவிக் கழுவிப் பாவித்து அவை பிய்ந்த பிறகு பிளாஸ்ரிக் சொப்பின் பையை வெட்டி, சுற்றிவரப் பிளாஸ்ரர் ஒட்டினேன். வருவது தண்ணீர் மாதிரி. ஒரு மணித்தியாலத்தில் பிளாஸ்ரர் இளகிவிடும். தோல் வெந்து சிவந்தது. முட்டை வெள்ளைக்கரு பூசினேன். அவர் உடுக்கிற சாரம் ஒரு நாளைக்கு ஏழு தோய்த்தேன். சவர்க்காரமும் கிடையாது. பார்க்க வந்தவர்கள் இருக்கும்போது வயிறு இரைந்தால் அவரே முந்திக்கொண்டு சொல்வார்:

"என்ரை வயித்திலை மட்டும் இன்னும் ரெயில் ஓடுது. சிக்னலும் இல்லை, கேற்றும் இல்லை."

வந்தவர்கள் சிரிப்பார்கள். அவர்கள் போன பிறகு போர்வையை இழுத்து மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடப்பார்.

வைகாசி பிறந்த கையோடு மச்சாள் மகாதேவி கல்யாணம் சொல்ல வந்தார். முதற் சொல்லல் மாமனுக்கு என்பதால் தானே தாம்பாளம் கொண்டு வந்திருந்தார். தாம்பாளத்தை வாங்க இவர் கட்டிலில் எழுந்து நின்றபோது பை கழன்றது. சாரம் நனைந்து காலால் வழிந்து, கைதவறிச் சிந்திய வெற்றிலையில் பட்டது. நான் நிலத்தைத் துடைத்தேன். மச்சாள் அவருடைய காலைத் தானே கழுவிவிட்டார். அவருக்குத் தாய் இல்லாத நாளில் இருந்து கழுவிய கால்.

"அக்கா, நான் கலியாணத்துக்கு வரேல்லை" என்றார் இவர். "சபையிலை உப்பிடி நடந்தால் பிள்ளைக்குத்தான் வெக்கம்."

"நீ தேங்காய் உடைக்காமல் என்ரை பிள்ளை முழுகாது. விசர்க்கதை கதையாதை."

எங்கள் வழக்கத்தில் மாமன் தேங்காய் உடைத்து, பெரியவர்கள் பால் அறுகு வைத்த பிறகே பெண் முழுகி மணவறைக்குப் போவாள். வேறு மாமன் இல்லை.

மச்சாளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வட்டுக்கோட்டையைச் சுற்றி நாலைந்து ஊரில், பிள்ளைப்பேற்றுக்குப் பத்தியம் பார்க்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். மல்லி, மிளகு, சீரகம், உள்ளி எல்லாம் அளந்து வறுத்து அரைப்பார். உப்பைக் குறைப்பார். தண்ணீரைக் குறைப்பார். பச்சைப் புண் உள்ள உடம்பில் தண்ணீர் நின்றால் புண் ஆறாது, வயிறு ஊதும் என்பது அவருடைய பாடம். அவருடைய தாயின் பாடமும் அதுதான். நூறு பெண்களுக்கு மேல் அவர் கையால் எழும்பி நடந்திருக்கிறார்கள். காசு வாங்கமாட்டார்.

குசினிக்குள் நான் தண்ணீர் சூடாக்குவதைப் பார்த்துவிட்டு என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

"குணம், உவனுக்கு எத்தினை செம்பு குடுக்கிறீர்?"

"அவர் கேக்கிற அளவுக்கு, மச்சாள். டொக்டர் சொன்னவர்."

"ஓட்டைக் குடத்துக்கு ஊத்திறீர். வாயாலை ஊத்த வயித்தாலை வழியுது. உது பேதி மாதிரித்தானே. வறட்டினால் நிக்கும்."

நான் அலுமாரியில் இருந்து தாளை எடுத்துவந்து கடைசி இரண்டு வரியைத் தமிழில் சொன்னேன். மச்சாள் பொறுமையாகக் கேட்டார்.

"உது வெள்ளைக்காரன்ரை உடம்புக்கு எழுதினது, பிள்ளை. அவன் குளிருக்குள்ளை இருக்கிறவன். உம்மளவுக்கு நான் படிக்கேல்லை. ஆனால் எத்தினை வயித்தைப் பாத்திருப்பன், சொல்லும்?"

நான் விஞ்ஞான ஆசிரியை. பெருங்குடலின் வேலை தண்ணீரையும் உப்பையும் திரும்ப உறிஞ்சுவது என்று ஒவ்வொரு வருடமும் ஒன்பதாம் வகுப்புக்குக் கரும்பலகையில் படம் கீறிக் காட்டியிருக்கிறேன். இவருக்கு அந்த வழி அடைபட்டுக் கிடக்கிறது, ஆகவே உடம்பு பிடித்து வைக்க முடியாததைக் கூட்டித்தான் கொடுக்க வேண்டும். இதைச் சொல்லுவதற்கு எனக்கு மூன்று வசனம் போதும். நான் வாய் திறக்குமுன் உள்ளறையில் இருந்து இவர் கூப்பிட்டார்.

"இஞ்சேரும், அக்கா சொல்லுற மாதிரிச் செய்வம். கலியாணம் முடியுமட்டும். பிறகு உம்மடை தாளுக்கு வருவம்."

நான் சரி என்றேன். ஏழு சாரம் தோய்த்த கை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மச்சாள் மூன்று நாள் நின்றார். மாதுளங்கோது அவித்த கசாயம், காலையும் மாலையும் இரண்டு மேசைக்கரண்டி. உதிரியாகப் பொருக்கச் சமைத்த புழுங்கலரிசிச் சோறு, உப்புக் குறைத்த சரக்குக் கறி. பால் இல்லாத கடுந்தேயிலை, அரைக் கோப்பை. தண்ணீருக்கு எங்கள் வீட்டு மூக்குப்பேணியை எடுத்து அளவு வைத்தார். வாயில் படாமல் அண்ணாந்து குடிக்க மூக்கு வைத்த பித்தளைப் பேணி. காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, இரவு ஒன்று. கூசாவைத் தூக்கிக் கொண்டுபோய்க் குசினி மூலையில் கவிழ்த்து வைத்தார்.

நாலாம் நாள் பை காய்ந்தது.

சும்மா சொல்லவில்லை. தண்ணீராக வந்தது களியாகி, ஒரு நாளைக்கு இரண்டு தரம் மாற்றினால் போதும் என்றானது. பிளாஸ்ரர் இளகவில்லை. தோல் ஆறத் தொடங்கியது. அவர் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு முன் விறாந்தையில் வந்து கதிரையில் இருந்தார். ஒழுங்கையால் போனவர்கள் நின்று கதைத்தார்கள். பார்த்துவிட்டுப் புறப்பட்ட மச்சாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "இனி நீர் இதே அளவிலை பாத்துக்கொள்ளும்" என்று பேணியை என் கையில் தந்தார். அன்றிரவு நான் இரண்டு மாதத்துக்குப் பிறகு விடியும் வரை நித்திரை கொண்டேன்.

அதன் பிறகு பன்னிரண்டு நாளும் அளந்து கொடுத்தது நான்.

அவர் மெலிந்தார். நெருப்புக்காய்ச்சல் உடம்பு அப்படித்தான் என்றார்கள். கண் உள்ளே போனது. கெண்டைக்கால் பிடிக்கிறது என்று தேய்த்துவிடச் சொல்வார். உப்புக் கேட்டார். ஒருநாள் குசினிக்குள் போய் உப்புச் சிரட்டைக்குள் விரலை வைத்து நக்கிக்கொண்டு நின்றதைக் கண்டு, களவு பிடித்த மாதிரிச் சிரித்தேன்.

"ஆட்டுக்குட்டி மாதிரி என்ன வேலை இது?"

"தெரியேல்லையப்பா. ஒரே ஆசையாக் கிடக்கு."

சிரட்டையை மேல் தட்டில் வைத்தேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் நல்ல வெயில். சோழகக் காற்று இன்னும் எழும்பவில்லை. அவருடைய பேணி முடிந்துவிட்டது. நான் கிணற்றடியில் அவருக்கு உடுக்க வேட்டி அலசிக்கொண்டிருந்தேன். கப்பியின் சத்தம் கேட்டு மெல்ல நடந்து வந்து கிணற்றுக் கட்டில் கை ஊன்றி நின்றார். வாளியையே பார்த்தார்.

"ஒரு பேணி தாருமன்."

"நாளைக்கு ஒரு நாள்தானே. இவ்வளவு நாள் பொறுத்துப்போட்டு."

"ஓம், அதுதான்." கொஞ்சம் நின்றார். "ஒரு முடறு?"

"கலியாணம் முடியட்டும். பிறகு கிணத்தையே குடியுங்கோ."

அவர் மறுத்துப் பேசவில்லை. வாளித் தண்ணீரில் கையை நனைத்து முகத்தில் தடவிக்கொண்டு உள்ளே போனார். நான் மிச்சத் தண்ணீரை வாழைக்கு ஊற்றினேன்.

மறுநாள் விடிய, பக்கத்து வீட்டுத் தம்பிஐயாவின் மண்ணெண்ணெயில் ஓடுகிற பழைய காரில் வட்டுக்கோட்டைக்குப் போனோம். வழியெல்லாம் புகை. அளவெட்டியில் இருந்து வந்த மேளம் தொடங்கியிருந்தது. இவர் சால்வை போட்டு நிமிர்ந்து நின்றார். நான் அவருடைய வலப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேட்டியில் ஒரு சொட்டு ஈரமில்லை. தேங்காய் முதல் அடியில் உடையவில்லை. இரண்டாவது அடியில் இரண்டு சம பாதியாகப் பிளந்தது. அருந்ததி ஈரக் கண்ணோடு நிமிர்ந்து பார்த்தாள். "மாமன் நல்லாத் தேறிப்போட்டார்" என்று பெண்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

தேங்காய்த் தண்ணீர் மண்ணில் ஓடியது. அதை அவர் பார்த்த பார்வையை நான் கண்டேன்.

தாலி கட்டி முடிந்ததும் அவரைக் காணவில்லை. பின் வளவில், தான் பிறந்த வீட்டுக் கிணற்றடியில், ஒரு செம்போடு இருந்தார். ஒரு வாய் குடித்திருந்தார். மச்சாளும் தேடிக்கொண்டு வந்தார்.

"அக்கா, எங்கடை தண்ணி இவ்வளவு ருசியெண்டு எனக்குத் தெரியாமல் போச்சு. உப்பு நல்லாக் கிடக்கு."

"உப்புத் தண்ணிக்குப் பயந்து ஓடினவன் கதைக்கிறான், பாரும் குணம்" என்று சிரித்தபடி மச்சாள் செம்பை அவர் கையில் இருந்து மெதுவாக வாங்கினார். "இண்டைக்கு மட்டும் பொறடா தம்பி. சபையிலை இருக்கோணும்."

அவர் கொடுத்துவிட்டார். எழும்ப முயன்றபோது இரண்டு காலும் பிடித்துக்கொண்டன. நின்ற களைப்பு என்று நினைத்தோம். கதிரையில் வைத்தே தூக்கிக்கொண்டு வந்து சபையில் இருத்தினார்கள். பின்னேரம் வரை இருந்தார். வந்தவர்களுக்குச் சிரித்தார். பேச்சு மட்டும் இல்லை, நாக்கு அண்ணத்தில் ஒட்டுகிறது என்று என்னிடம் காட்டினார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் சொன்னார், முந்தின நாளில் இருந்து சிறுநீர் போகவில்லை என்று. அப்போது பேணி பேணியாகக் கொடுத்தேன். குடித்ததை வாந்தி எடுத்தார். விடிய எழுப்பியபோது என்னைப் பார்த்து, "பத்தரை வண்டி போட்டுதோ?" என்று கேட்டார். போய்விட்டது என்றேன். தம்பிஐயாவைத் திரும்பக் கூப்பிட்டேன்.

வார்ட்டில் செபநாயகம் என்ற இளம் டொக்டர். தோலைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளிய இடம் அப்படியே நின்றது.

"அம்மா, ஒரு நாளைக்கு எவ்வளவு குடிச்சவர்?"

"மூண்டு பேணி."

"உப்பு?"

"குறைச்சுத்தான்."

அவர் என்னைக் கோபிக்கவில்லை. என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அவர் நோயாளித் தாளைப் பார்த்து எழுதத் தொடங்கினார், பிறகு என் பக்கம் திரும்பவே இல்லை. சேலைன் இரவு பகலாக ஏறியது. சிறுநீருக்குக் கட்டிய பை நிறையவில்லை. நாலாம் நாள் மூச்சு மாறியது. கடைசியில் நேர்சு சொல்லித் தந்தபடி பஞ்சில் தண்ணீர் நனைத்து உதட்டில் வைத்தேன். அதை உறிஞ்சினார். மூடவேண்டிய குடல் வாய் மூடாமலே போனது. அதை மூடும் நாளுக்கு இன்னும் பதினொரு நாள் இருந்தது.

அவருடைய எட்டாம் நாள், எட்டுச் செலவுப் படையலுக்கு மச்சாள் வந்து எல்லாம் சமைத்தார். அவருக்கு விருப்பமானது படைக்க வேண்டும் அல்லவா. பனங்கிழங்கு அவித்தார். ஒடியற் கூழ், முருங்கைக்காய்க் குழம்பு, தேங்காய்ப்பூப் போட்ட புட்டு. வாழை இலையில் உப்பைக் குவித்து வைத்தார். இளநீர் சீவி வைத்தார். குசினி மூலையில் கவிழ்த்துக் கிடந்த கூசாவைக் கழுவி, எங்கள் கிணற்றுத் தண்ணீர் நிரப்பி, படத்துக்கு முன்னால் தானே தூக்கிக்கொண்டு வந்து வைத்தார். வைத்துவிட்டு அதைக் கட்டிக்கொண்டு இருந்தார்.

அன்று பின்னேரம் கேட்டார்:

"குணம், டொக்டர் என்னத்தாலை எண்டு சொன்னவர்?"

அந்த மூன்று வசனமும் அப்போதும் என்னிடம் இருந்தன.

"நெருப்புக்காய்ச்சலின்ரை தாக்கம் எண்டவர், மச்சாள்."

"நாங்கள் அவ்வளவு கவனமாப் பாத்தும்" என்றார் மச்சாள்.

"ஓம்" என்றேன்.

இதை எழுதுகிற இந்த வருடம் ஆவணியில் அருந்ததிக்குப் பிள்ளைப்பேறு. போன கிழமை மச்சாள் வந்திருந்தார். சரக்குகளை வெயிலில் காயப் போட்டிருப்பதாகச் சொன்னார். உளுத்தம்மாவும் வறுத்துவிட்டாராம். முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. ஒரு வருடத்துக்குப் பிறகு அவரை அப்படிப் பார்க்கிறேன். தேத்தண்ணி குடித்து முடித்துவிட்டுக் கேட்டார்:

"உம்மடை மூக்குப்பேணி கிடக்கே, குணம்? அதைத் தாரும். தம்பிக்கு அளந்தது. பிள்ளைக்கும் அதாலையே அளப்பம். அளவுக்கு நல்ல பேணி."

நான் எழுந்து அறைக்குள் போனேன். அலுமாரியைத் திறந்தேன். பேணி மேல் தட்டில் இருக்கிறது. தாளை நாலாக மடித்து அதற்குள்தான் வைத்திருக்கிறேன். கையில் எடுத்தேன். இரண்டையும் கொண்டுபோய் மச்சாளுக்கு முன்னால் வைக்கலாம். அவருடைய தம்பியை நாங்கள் இரண்டு பேரும் என்ன செய்தோம் என்று சொல்லலாம். அதற்குப் பிறகு அவர் எப்படி இருப்பார் என்று யோசித்தேன். சொல்லாவிட்டால் வெயில் மாதத்தில் ஒரு பச்சை உடம்புக்காரி தண்ணீருக்குக் கெஞ்சுவாள் என்பதையும் யோசித்தேன். வெளியே மச்சாள் செருமினார்.

பேணியை உள்ளே வைத்து அலுமாரியைப் பூட்டிவிட்டு வந்தேன்.

"காணேல்லை, மச்சாள். எங்கை வைச்சனோ தெரியேல்லை."

"பரவாயில்லை" என்றார் மச்சாள், சேலைத் தலைப்பை உதறிக்கொண்டு எழும்பி. "என்னட்டை வேறை கிடக்கு."